சிற்றுண்டியும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வும்

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் தோன்றி இலக்கிய விருந்து படைத்து வந்திருக்கின்றனர். மெட்ரிக்குலேஷனோடு கல்விக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் போக்கும் எழுத்தனாகிய எனக்கு அத்தகைய விருந்து படைக்கும் ஆற்றல் இல்லை. ஆகவே, விருந்துக்கு மாறாகச் சிற்றுண்டி வழங்க எண்ணினேன். செயலாளர் அவர்களும் இசைந்தார்கள்.

தலைப்பைக் கண்டு சிலர் புன்முறுவல் பூக்கின்றனர். தமிழ்ச் சங்கத்தின் விழாவில் ஆங்கிலத் தேர்வுக்கு என்ன வேலை என்று வேறு சிலர் புருவம் நெரிக்கின்றனர். இரு சாராரும் சற்றே பொறுத்தருளல் வேண்டும். நம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலையில் நம் பிள்ளைகள் சிலர் கூடி, அயல்நாடு செல்வதற்குரிய ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி செய்து வருகின்றனர். வினாக்களைப் படித்துக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்பவனுக்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. பொறுமை இருந்தால் போதும். அந்த நாற்காலியில் ஈராண்டுகளாக அமர்ந்து வருபவன் அடியேன். அங்கிருந்து கண்டவற்றையே இங்குக் கூற முற்படுகிறேன்.

தேர்வின் அமைப்பு

ஐ.இ.எல்.டி.எஸ். என்று வழங்கும் இத்தேர்வு 1989ஆம் ஆண்டு முதல் அப்பெயரில் நடைபெற்று வருகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு உறுப்புகளை உடையது. சுழி முதல் 9 வரை படிகள் வகுத்து, இடையே அரைப் படிகளும் வைத்து மதிப்பிடுகின்றனர். பெற்ற மதிப்பு ஈராண்டுகளுக்குச் செல்லும்.

இவற்றுள் பேசுதல் என்னும் உறுப்புக்கு உரிய நேரம் 11 முதல் 14 நிமிடங்களே. தேர்வாளர் ஒருவர் எதிரில் அமர்ந்து உரையாடுவார்; உரையாடல் முழுவதும் பதிவு செய்யப்படும். முதற் பகுதி நான்கைந்து நிமிடம். அதில் வீடு, குடும்பம், படிப்பு, தொழில், விருப்பங்கள் முதலிய அன்றாடச் செய்திகள் பற்றிய வினாக்கள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தரப்படும். ஒரு நிமிடம் சிந்தித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை இடைவிடாது பேசுதல் வேண்டும். மூன்றாம் பகுதியில் அப்பொருளையொட்டிய பொது வினாக்கள் எழும்.

இதனை வெறும் தேர்வு என்று இகழ்ந்துவிடல் இயலாது. ஐக்கிய இராச்சியத்தில் செவிலியராகப் பதிவு பெற விழையும் பெண்மணி இத்தேர்வின் வழியே செல்வாளாயின், பேச்சில் 7 பெற்றாக வேண்டும். ஆறரை பெற்றாள் எனில் கதவு திறவாது. அந்த அரைப் படிக்குப் பின்னால் தந்தையின் வைப்புநிதிக் கடனும், தாயின் வளையலும், தம்பியின் கல்வியும் நிற்கின்றன. இக்கூட்டத்தில் அமர்ந்திருப்போருள் பலர் இதனை நான் சொல்லாமலே அறிவர்.

எளிய வினா, அரிய விடை

முதற் பகுதிக்குரிய பயிற்சி நூல்களில் அடிக்கடி காணப்படும் பொருள்களுள் ஒன்று சிற்றுண்டி. "உமக்கு எத்தகைய சிற்றுண்டி விருப்பம்? எப்போது உண்பீர்? இளமையில் அடிக்கடி உண்டதுண்டா? சிற்றுண்டி உடலுக்கு நலம் தருமா?" என்பன போன்ற வினாக்கள் அவை. இவற்றைக் காட்டிலும் எளிய வினாக்கள் உலகில் உண்டோ? மூன்று வயதுக் குழந்தையும் மழலையில் விடை கூறுமே! ஆயினும், நம் பிள்ளைகள் இடறி விழுவது இவ்வெளிய வினாக்களில்தான்.

நம் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருத்தி, செவிலியர் படிப்பை முடித்தவள், படிப்பகத்துக்கு வந்தாள். ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தார் பொருள் பெற்றுக்கொண்டு அச்சடித்துக் கொடுத்த விடைகளை நெட்டுருச் செய்திருந்தாள். விருப்பமான சிற்றுண்டி எதுவென நான் நூலைப் பார்த்து வினவினேன். 'கிரானோலா பார்' என்று தொடங்கி, அதில் நார்ச்சத்து மிகுதி என்றும், தயிரோடும் பழத்தோடும் உண்பது தன் வழக்கம் என்றும் மடை திறந்தாற்போல் ஒப்புவித்தாள். "அதனை எங்கே வாங்குவீர்?" என்றேன். மடை அடைபட்டது. அப்பொருளை அவள் கண்ணாலும் கண்டதில்லை.

"நேற்று மாலை உண்மையில் என்னம்மா தின்றாய்?" என்று தமிழில் கேட்டேன்.

"பாட்டி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய தட்டை, மாமா."

"அதையே சொல்லியிருக்கலாமே!"

"அதற்கு இங்கிலீஷில் பெயரே இல்லையே, மாமா. அதுவுமின்றித் தட்டை, முறுக்கு என்று சொன்னால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிட மாட்டார்களா?"

அன்பர்களே! அப்பெண் கூறிய விடையில் இரண்டு அச்சங்கள் உள்ளன. சொல் இல்லையே என்பது ஒன்று; சொன்னால் இழிவாகுமே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அவளுக்கு மட்டும் உரியன அல்ல. நம் பிள்ளைகளுட் பெரும்பாலார் நெஞ்சில் குடிகொண்டிருப்பன. இரண்டையும் எடுத்து ஆராய்வதே என் உரையின் நோக்கம்.

இழிவு என்னும் அச்சம்

பின்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். தேர்வாளர் எவற்றை நோக்கி மதிப்பிடுகிறார்? தங்குதடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், ஒலிப்பு ஆகிய நான்கையே நோக்குகிறார். நான்கிற்கும் ஒத்த எடை. இவ்வளவுகோல்களைத் தேர்வு நடத்துவோரே யாவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கின்றனர். அவற்றைப் பன்முறை படித்துப் பார்த்தேன். தின்ற பண்டம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதற்கு அங்கே ஓர் இடமும் இல்லை. நகரத்தார் பண்டத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலும் இல்லை. நாட்டுப்புறத்தார் பண்டத்துக்கு ஒரு மதிப்பெண் குறைவும் இல்லை. கருத்து சரியா தவறா என்பதும் அவருக்குரிய ஆராய்ச்சி அன்று. கருத்தை மொழியில் ஏற்றி இறக்கும் திறம் ஒன்றே அவர் நோக்கம். எங்கள் சரக்கு அலுவலகத்தில் மூட்டையின் எடையையும் தொலைவையும் பார்த்துக் கட்டணம் விதிக்கும் எழுத்தன், மூட்டைக்குரியவரின் குலம் கோத்திரம் கேட்பதில்லை அன்றோ?

மறுபுறம், நெட்டுருச் செய்த விடை உண்மையாகவே கேடு விளைப்பது. தேர்வாளர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். ஒப்புவிக்கும் குரல் ஒரு சீராக ஓடும். மூச்சு விடும் இடம் பொருளோடு பொருந்தாது. துணைவினா ஒன்று தொடுத்தால் ஓட்டம் நின்றுவிடும். கடன் வாங்கிய சட்டை அளவு பொருந்தாதிருத்தல் தொலைவிலேயே தெரியும். ஆகவே, இழிவுக்கு அஞ்சி அயற்பண்டத்தைப் புகழும் பிள்ளை, இல்லாத இழிவுக்கு அஞ்சி உள்ள மதிப்பெண்ணை இழக்கின்றது.

மேலும், நம் பண்டங்கள் உலகினர் முன் தலை குனிய வேண்டியவையும் அல்ல. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்குக்கு 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்புக் கிட்டியிருக்கின்றது. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பண்டத்தை வேறெவரும் அப்பெயரிட்டு விற்றல் ஆகாது என்பது அதன் பொருள். மணப்பாறை முறுக்கு, திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே இரயிலில் செல்வோர் வாங்கிச் சென்றதனால் ஊரூராகப் புகழ் பரப்பியது. அவ்வூர்த் தண்ணீரின் தன்மையே அதன் சுவைக்குக் காரணம் என்பர். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள மத்தூரின் வடையும் அவ்வாறே இரயில் வழியே பேர் பெற்றது. "உங்கள் பகுதிக்கே உரிய சிற்றுண்டி உண்டா?" என்று தேர்வாளர் வினவின், இச்செய்திகளைக் காட்டிலும் சிறந்த விடை யாது?

சொல் இல்லை என்னும் அச்சம்

இனி முதல் அச்சத்துக்கு வருவோம். தட்டைக்கு ஆங்கிலப் பெயர் இல்லை என்பது மெய்யே. ஆனால் பெயர் இல்லாத பொருளைத் தெரிந்த சொற்களால் விளக்கிக் காட்டுவதைத்தான் அத்தேர்வு சொல்வளம் என்று போற்றுகின்றது. ஒரு சொல் கிட்டாதபோது வேறு சொற்களைக் கொண்டு சுற்றி வளைத்தேனும் பொருளை உணர்த்தும் ஆற்றல், மேற்படிகளுக்குரிய தகுதிகளுள் ஒன்றாக அவ்வளவுகோலிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆதலின், பெயர் இல்லாத பண்டம் நமக்குத் தடை அன்று, நல்வாய்ப்பே ஆகும். 'பிஸ்கட்' என்று சொல்லும் பிள்ளைக்கு விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. 'தட்டை' என்று சொல்லும் பிள்ளைக்கோ விளக்குவதற்கு ஒரு சமையலறையே இருக்கின்றது.

அப்பெண்ணிடம் இதனைக் கூறியபோது, "தட்டையில் என்னென்ன சேரும் என்றே எனக்குத் தெரியாது, மாமா" என்றாள். உண்பது அறிவாள், உண்டாகும் வகை அறியாள். நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்தவள். அடுப்பங்கரையில் பாட்டியோடு அமரும் வாய்ப்பு ஆண்டுக்கொருமுறை கோடை விடுமுறையில் மட்டுமே வாய்த்தவள். அன்றிரவே தொலைபேசியில் பாட்டியை அழைத்துக் கேட்டாள். அரிசி மாவு, வறுத்தரைத்த உளுத்தம் மாவு, ஊற வைத்த கடலைப் பருப்பு, பெருங்காயம், மிளகாய்ப் பொடி, கறிவேப்பிலை, சிறிது வெண்ணெய். இவற்றைப் பிசைந்து, உருண்டையாக்கி, துணியின்மேல் வைத்து மெல்லியதாகத் தட்டி, எண்ணெயில் இட்டுச் சலசலப்பு அடங்கியபின் அரிகரண்டியால் எடுக்க வேண்டும் என்று அம்மூதாட்டி அரை மணி நேரம் விளக்கினாராம். 'தட்டுவதால் தட்டை' என்னும் பெயர்க் காரணமும் அன்றுதான் அப்பெண்ணுக்குப் புலனாயிற்று.

மறு ஞாயிறன்று அதே வினாவைத் தொடுத்தேன். அரிசி மாவினால் ஆன வட்டமான, மெல்லிய, காரம் பொருந்திய பண்டம் அது; பருப்பு இடையிடையே தென்படும்; எண்ணெயில் பொரித்தது; கடித்தால் நொறுங்கும்; என் பாட்டி செய்து அனுப்புவது என ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களில் சொன்னாள். இரண்டிடங்களில் தயங்கினாள். ஆனால் அது நினைவைத் தேடிய தயக்கமே. சொல்லைத் தேடிய தயக்கம் அன்று. தேர்வாளரும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்பவரே. "எங்கே வாங்குவீர்?" என்ற துணைவினாவுக்கு அவள் சிரித்துக்கொண்டே, "வாங்குவதில்லை, இரயிலில் வரும்" என்றாள். நெட்டுருச் செய்த விடை எதிலும் இச்சுவை உண்டோ?

சொற்களின் எல்லை

இவ்விடத்துச் சொற்களைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் 'ஸ்நாக்' என்னும் ஒரே சொல் உண்டு. டச்சு மொழியின் பழைய வழக்கிலிருந்து வந்த அச்சொல்லுக்குத் தொடக்கத்தில் வெடுக்கெனக் கடித்தல் என்பதே பொருள். பின்னர்ச் சிறு உணவைக் குறிப்பதாயிற்று. தமிழிலோ சிற்றுண்டி, பலகாரம், தின்பண்டம், நொறுக்குத் தீனி எனப் பல சொற்கள் உள. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இட்டிலியும் உப்புமாவும் சிற்றுண்டி. அவற்றை எவரும் நொறுக்குத் தீனி என்னார். முறுக்கும் சீடையும் பலகாரம். திருநாளில் அவற்றுக்கே முதலிடம். பொரியும் வறுத்த கடலையும் கொறிப்பதற்கு உரியன. 'கொறித்தல்' என்னும் வினைக்கு நேரான ஆங்கிலச் சொல் 'நிபில்' என்பது. அதனை அறிந்து வைத்துக்கொள்ளும் பிள்ளை ஒரு நல்ல சொல்லைக் கைப்பற்றியவன் ஆவான்.

இவ்வேறுபாட்டை உணராமையால் ஓர் இடர் விளைகின்றது. "காலையில் சிற்றுண்டியாக இட்டிலி உண்பேன்" என்பதை அப்படியே மொழிபெயர்த்து 'ஸ்நாக்' என்றால், இவர் காலை உணவே உண்பதில்லை போலும் என்று தேர்வாளர் எண்ணுவார். அது காலை உணவு. நாம் 'டிபன்' என்கிறோம். அச்சொல்லும் இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் வாயில் உருவாகிப் பகலுணவைக் குறித்தது. சீமையில் இன்று அதனை எல்லோரும் அறியார். இரு வேளை உணவுக்கு இடையே உண்பதே 'ஸ்நாக்' என்று வரையறுத்துக்கொள்வது நலம்.

இவ்வாறு நம்மிடம் ஒரு பொருளும் அவர்களிடம் வேறு பொருளும் உடைய சொற்கள் பல. நாம் 'ஓட்டல்' என்றால் உண்ணும் இடம். அவர்க்கு அது தங்கும் விடுதி. "மாலைதோறும் ஓட்டலுக்குச் செல்வேன்" என்ற மாணவனைத் தேர்வாளர் ஊரூராய்த் திரிபவன் என்று கருதினால் குற்றம் யாருடையது? 'மிக்ஸ்சர்' என்பது நமக்குக் காராபூந்தியும் ஓமப்பொடியும் கடலையும் கலந்த பண்டம். அவர்க்கு அச்சொல் எக்கலவைக்கும் பொது. இப்பண்டத்தை அவர்கள் நாட்டில் 'பாம்பே மிக்ஸ்' என்கின்றனர். இங்கிலாந்தில் 'சிப்ஸ்' என்றால் விரற்கடை அளவு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு; நாம் சொல்லும் மெல்லிய வறுவலுக்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். அமெரிக்கரோ நம்மைப் போலவே மெல்லிய வறுவலைச் 'சிப்ஸ்' என்பர். 'ஹாட்' என்றால் சூடா காரமா என்னும் ஐயம் எழும். காரத்துக்கு 'ஸ்பைசி' என்பது தெளிவு. இனிப்பல்லாத உப்புச் சுவைப் பண்டங்களுக்கெல்லாம் 'சேவரி' என்னும் ஒரு சொல் உண்டு. முறுக்கு, தட்டை, ஓமப்பொடி, இவ்வூர்ச் சிவடா அனைத்தும் அதனுள் அடங்கும்.

இலக்கணமும் ஒலிப்பும்

இலக்கணத்தில் நம் தாய்மொழியின் சாயல் ஓரிடத்தில் நன்கு புலப்படுகின்றது. "மாலையில் சுண்டல் சாப்பிடுவேன்" என்கிறோம். வழக்கமாக நிகழ்வதை எதிர்கால வினையால் கூறுதல் தமிழ் மரபு. அது குற்றமற்ற தமிழ். அதனையே ஆங்கிலத்தில் எதிர்காலமாகக் கூறினால், இனிமேல்தான் தின்னப் போகிறான் என்று பொருள்படும். வழக்கத்தை ஆங்கிலம் நிகழ்காலத்தின் எளிய வடிவால் கூறும். 'யூஸ்டு டு' என்னும் தொடரையும் நம்மவர் இன்றைய வழக்கத்துக்கு ஆள்கின்றனர். அது முன்பு இருந்து இப்போது நீங்கிய வழக்கத்துக்கே உரியது. இளமைப் பருவம் பற்றிய வினாவுக்கு அதுவே மிகப் பொருத்தமான கருவி. "சிறு வயதில் ஊருக்குச் செல்லுந்தோறும் கமர்கட்டு தின்பது வழக்கம், இப்போது அது இல்லை" என்று சொல்வதற்கு அத்தொடர் காத்திருக்கின்றது. தமிழைப் பிழையாகக் கருதி நாணுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. இரு தண்டவாளங்களின் அகலம் வேறு என்று அறிந்து வண்டியை மாற்றி ஏறுவது போன்றதே இது.

ஒலிப்பைப் பற்றிப் பலரும் வீணே கவலுகின்றனர். ஆங்கிலேயன் போல் நாவைச் சுழற்றல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தாய்மொழியின் சாயல் பேச்சில் இருக்கலாம். கேட்பவர்க்குப் பொருள் விளங்குவதற்கு அது தடையாகாதிருத்தலே வேண்டுவது. ஆயினும் ஒன்றை எச்சரிக்கக் கடமைப்பட்டுள்ளேன். 'ஸ்நாக்' என்பதன் உயிரொலியை வாய் திறந்து குறுக ஒலித்தல் வேண்டும். அதனை நீட்டி 'ஸ்நேக்' என்றால் அது பாம்பாகிவிடும். "மாலைதோறும் தேநீரோடு இரண்டு பாம்பு தின்பேன்" என்று மலர்ந்த முகத்தோடு கூறும் இளைஞனை நான் கண்டிருக்கிறேன். (நகைப்பு) சொல்லின் இறுதியில் உகரம் சேர்த்து 'ஸ்நாக்ஸு' என்பது நம்மவர் வழக்கம். சொல்லின் முன்னே இகரம் சேர்த்து 'இஸ்நாக்' என்பது இவ்வூர் இந்திக்காரர் வழக்கம். நம் பிள்ளைகள் இரு வழக்கையும் இணைத்துக்கொண்டு 'இஸ்நாக்ஸு' என்கின்றனர். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயினும் தேர்வறையில் இதனைத் தவிர்ப்பது நன்று.

அளவும் ஆழமும்

விடையின் அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். முதற் பகுதியில் "ஆம்", "இல்லை" என்று நிறுத்திவிடுதல் வறுமை. கால் மணி நேரம் பேச முயலுதல் மிகை. விருப்பம் இது, காரணம் இது, அண்மையில் உண்டது இது என இரண்டு மூன்று வாக்கியங்கள் அமைந்தால் போதும்.

மூன்றாம் பகுதியில் சிற்றுண்டியும் உடல்நலமும் பற்றிச் சற்று ஆழமாகக் கேட்கக் கூடும். அதற்குச் சில உண்மைகள் கைவசம் இருத்தல் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே ஒருவருக்குப் போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அளவு அது. நாள் முழுதும் உண்ணும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இவ்வளவு என்பதை நொறுக்குத் தீனிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நினைவிற் கொள்ளுதல் நலம். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அதில் தீய கூறுகள் பெருகும். அவை 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்தது. பொரித்தவற்றை விடுத்து அவித்தவற்றை நாடலாம் என்று கூற விரும்பும் பிள்ளைக்குச் சுண்டலும் கொழுக்கட்டையும் வேர்க்கடலையும் எடுத்துக்காட்டாக உதவும். அயல்நாட்டார் இன்று புரதம் மிக்க சிற்றுண்டி என்று விலை கொடுத்து நாடுவதை நம் வீட்டுக் கொலுவில் ஒன்பது நாளும் இலையில் வைத்து வழங்குகிறோம்.

சங்கத்தின் கடமை

இப்போது, தமிழ்ச் சங்கத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் என்ன உறவு என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கூறுகிறேன்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவில் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் மராத்தியும், வீட்டில் அரைகுறைத் தமிழும் பேசி வளர்கின்றனர். சிற்றுண்டி பற்றிய வினாவுக்கு விடை தேடுகையில், அவர்களிடம் ஆங்கிலச் சொல் மட்டும் குறைவாக இருக்கவில்லை. தமிழ்ச் சொல்லும் குறைவாகவே இருந்தது. தேன்குழல், எள்ளடை, ஓமப்பொடி, சீடை எனும் யாவற்றையும் 'நம்கீன்' என்னும் ஒரே சொல்லால் அழைத்து வந்தனர். கைமுறுக்குக்கும் அச்சு முறுக்குக்கும் உள்ள வேறுபாடு பலர்க்குத் தெரியாது. சீடை ஏன் சில வேளை எண்ணெயில் வெடிக்கின்றது, அதற்காக மாவை ஏன் வறுத்துச் சலிக்க வேண்டும் என்பன பாட்டியரோடு மறையும் அறிவாக இருந்தன. தமிழில் வாய் திறந்து விளக்கத் தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் எவ்வாறு விளக்குவது?

ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசும் பொருட்டு, நம் பிள்ளைகள் தமிழில் அரை மணி நேரம் பாட்டியோடு பேசினர். தேர்வு எதனைக் கருதி நடத்தப்படினும், நமக்கு விளைந்த ஊதியம் இது. படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் இப்போது தாய்மார் சிலரும் வந்து அமர்கின்றனர். பிள்ளை ஆங்கிலத்தில் விளக்கும்போது, "மாவை அப்படியே போடக்கூடாது, சலிக்க வேண்டும் என்று சொல்லடா!" என்று தமிழில் திருத்துகின்றனர். ஆங்கிலத்தில் திருத்துவதற்கு ஆள் கிட்டுவது எளிது. பொருளில் திருத்துவதற்கு அவர்களே வேண்டும்.

திருவள்ளுவர் 'சொல்வன்மை' என்று ஓர் அதிகாரமும், 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமும் வகுத்தருளினார். அவை எம்மொழிக்கும் பொருந்துவன. அவை அஞ்சாமைக்கு முதற்படி, தான் நன்கறிந்த பொருளைப் பற்றிப் பேசுதல். நம் பிள்ளைகள் நன்கறிந்த பொருள் தம் வீட்டு அடுப்பிலிருந்தே வருகின்றது. அதனைக் கூறுதற்கு நாணும்படி அவர்களை வளர்த்தது நாம்தாமோ என்று ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளிக்குச் செல்லும் பெட்டியில் முறுக்கை வைக்காதே, மற்றப் பிள்ளைகள் சிரிப்பர் என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில்லையா? அன்று பெட்டியில் மறைத்த முறுக்கே பின்னாளில் தேர்வறையில் தொண்டையில் அடைத்துக்கொள்கின்றது.

அப்பெண்ணின் செய்தியையும் கூறிவிடுகிறேன். அவள் தேர்வு எழுதினாள். பேச்சில் வேண்டிய 7 பெற்றுவிட்டாள். எழுதுதலில் அரைப் படி குறைந்தமையால் மீண்டும் எழுத ஆயத்தமாகி வருகிறாள். தேர்வறையில் அவளிடம் சிற்றுண்டி பற்றி வினவவே இல்லையாம். தான் வாழும் ஊரைப் பற்றிக் கேட்டனராம். ஆனால், இல்லாததைக் கூற வேண்டியதில்லை, உள்ளதைக் கூறினால் போதும் என்ற துணிவு தன்னிடம் இருந்ததாக அவள் சொன்னாள். வாழும் ஊரைப் பற்றிப் பேசுகையிலும் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிக் கூறியபின், இந்நகரில் தமிழர் கூடும் ஒரு படிப்பகம் உண்டு என்று சொல்லி வந்தாளாம்.

ஆகவே செயற்குழுவினர்க்கு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். ஒன்று, எழுதுதல் பயிற்சிக்கு நம்முள் கல்லூரி ஆசிரியர் எவரேனும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முன்வருதல் வேண்டும். அப்பணிக்கு என் கல்வி போதாது. மற்றொன்று, நம் மூதாட்டியர் கூறும் பலகாரச் செய்முறைகளை, அவர்கள் வாய்ச்சொற்களிலேயே தமிழில் எழுதி ஓர் ஏட்டில் தொகுத்துப் படிப்பகத்தில் வைத்தல் வேண்டும். பிள்ளைகளே அவற்றைக் கேட்டு எழுதட்டும். எழுத்துப் பிழைகள் நேரும், நாம் திருத்துவோம்.

இளைஞர்களே! கடல் கடந்து செல்லுங்கள், பொருள் ஈட்டுங்கள், புகழ் பெறுங்கள். எந்நாட்டார் எம்மொழியில் வினவினும், உங்கள் வாயில் உள்ளதையே உங்கள் வாயால் கூறுங்கள். விழா முடிவில் மகளிர் அணியினர் சுண்டலும் தட்டையும் வழங்க உள்ளனர். அவற்றை வாங்கும்போது, செய்தவரிடம் செய்முறையையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.